கைக்குக் கிடைத்த நிழல்

பருத்திப் புடவையை ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிட வேண்டும் என்று சுபாஷிணிக்குத் தெரியும். தெரிந்து என்ன, இந்தக் காரியத்தைத் தன் கையால் செய்து ஒன்பது வருஷமாகிறது. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, கஞ்சி போட்ட சாம்பல் நிறப் புடவையின் ஒரு முனையை அதன்மேல் விரித்திருந்தாள். மீதிப் புடவை நாற்காலி முதுகில் சரிந்து தரையில் கிடந்தது. மேசையின் மறுபாதியில் லேப்டாப் திறந்திருந்தது. அதில் ஓர் அறிக்கை. சரியாகப் பத்தரை மணிக்கு அது தன்பாட்டுக்கு அறுபத்துநாலு நிருபர்களுக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து வைத்துவிட்டாள். பதினொன்றரைக்கு ஓட்டலில் பத்திரிகையாளர் சந்திப்பு. இப்போது மணி பத்து நாலு. இருபத்தாறு நிமிஷத்துக்குள் ஆறு கஜத்தையும் முடித்துவிடலாம், அவசரமில்லை, கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் மனசு அடங்கும் என்று அம்மா சொல்வாள். சாம்பல் நிறத்தை யோசித்துத்தான் எடுத்தாள். ஊர் ஜனம் பணத்தைப் பறிகொடுத்து நிற்கிற நாளில் மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறவள் பளிச்சென்றும் இருக்கக் கூடாது, இழவு வீட்டுக்கு வந்தவள் மாதிரியும் இருக்கக் கூடாது. கம்பெனிகளுக்காகப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கிற அவள் தொழிலில் இதெல்லாம் அரிச்சுவடி. பெட்டியை வைத்தாள். சுர்ரென்றது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். கஞ்சித் தண்ணீர் காய்கிற சத்தம்தான், வேறொன்றுமில்லை, துணி மேல் பெட்டி வைத்தால் அப்படித்தான் கேட்கும், தோல் மேல் வைத்தால் எப்படிக் கேட்கும் என்று இப்போது யார் கேட்டார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை. மறுபடி வைத்தாள்.

வழக்கமாக இந்தப் புடவை ஆறுச்சாமியிடம் போயிருக்கும். வீதி முனையில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இருபது வருஷமாக இந்த வீதிக்கே துணி தேய்க்கிற மனுஷர். கரிப்பெட்டி. ஊதி ஊதிக் கங்கைக் கிளப்பி, பெட்டியைக் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தே சூடு பார்த்துவிடுவார். "கரண்டுப் பெட்டிக்குச் சூடு மட்டுந்தானுங் அம்மிணி தெரியும், துணி தெரியாதுங்க" என்பார். சட்டைப் பையில் யாராவது மறந்து விட்ட பத்து ரூபாய் நோட்டையும் தேய்த்து, மடித்து, துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். அந்த ஆறுச்சாமியின் அந்தப் பெட்டியைத்தான் முந்தாநாள் சாயங்காலம், உள்ளே கங்கு கனிந்து கிடந்த நேரத்தில், அவருடைய வலது உள்ளங்கை மேல் வைத்தார்கள். வைத்தார்கள் என்று நினைக்க அவளால் முடிந்தது. யார் என்று நினைக்கவும் முடிந்தது, அதுதான் கொடுமை. தோளை அமுக்கிப் பிடித்தவன் பேக்கரிக்காரரின் மகன், அவள் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுப்பவன். மணிக்கட்டைப் பிடித்தவர் இதே குடியிருப்பின் செயலாளர். அந்த அமளியிலும் அவர் சட்டைக் கை மடிப்பு கலையாமல் கத்திமுனையாக நின்றது, அந்த மடிப்பை அன்று காலையில் போட்டுக் கொடுத்ததும் ஆறுச்சாமிதான். நாற்பத்தேழு வினாடி வீடியோ. நேற்றிலிருந்து பதினொரு தடவை பார்த்துவிட்டாள், பத்துத் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. ஒரு தடவை சத்தத்தோடு பார்த்தாள், அதையும் முப்பத்தொன்றாம் வினாடியில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் பேசியது தெரியும். "நெழலு கெடச்ச கை எதுடா? காட்றா அந்தக் கைய!" என்று ஒருவன் கத்துகிறான். மூன்று பேர் சேர்ந்து கத்துகிறார்கள். எந்தக் கைடா, எந்தக் கைடா. ஆறுச்சாமி இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு சாக்கடைத் திண்டில் குந்தியிருக்கிறார். கையை ஏன் கேட்டார்கள், காலைக் கேட்டிருக்கலாம், தலையில் போட்டிருக்கலாம், கும்பலுக்குக் கை என்றுதான் வரவேண்டுமா. கை என்று எழுதிக் கொடுத்தவள் இங்கே நின்று புடவை தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

இழுத்தாள். நீளவாக்கில் ஒரு கை அகலம் வழவழப்பானது, அதற்கு அப்பால் சுருக்கம். எழுதிக் கொடுத்தாள் என்று சொன்னால் ஏதோ கொலைப்பாதகம் மாதிரிக் கேட்கிறது, ஆனால் அவள் தொழிலில் எழுதிக் கொடுப்பதுதானே வேலை. அமைச்சர் பேசியது, ஆலை முதலாளி நெகிழ்ந்தது, நடிகை கண்கலங்கியது எல்லாவற்றையும் அவளைப் போல ஒருத்தி முதல் நாளே எழுதி வைத்திருப்பாள். சம்பந்தப்பட்டவரிடம் படித்துக் காட்டினால் அவர் சரி என்பார், சரி என்றால் அது அவர் சொன்னது. விதை காயினுக்கும் அப்படித்தான். கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத, போனுக்குள்ளேயே விளைந்து போனுக்குள்ளேயே கிடக்கிற காசு. அதை ஜனம் நம்பவேண்டுமென்றால் கண்ணால் பார்க்கிற ஒரு முகம் வேண்டும். முகம் பிடிப்பதில் அந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதி வைக்காத சட்டம்: முகத்தை ஊர் மாற்றிப் போடு. கோவைக்காரன் முகத்தை மதுரைப் பதிப்பில் போடு, மதுரைக்காரி முகத்தைக் கோவையில் போடு. படித்தவன் எழுந்துபோய் அந்த ஆளைத் தேடக் கூடாது, தேடினாலும் கிடைக்கக் கூடாது. ஒன்பது வருஷம் அந்தச் சட்டத்தை அவள் மீறியதில்லை. மூன்று மாதம் முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்திரிகையிலிருந்து போன் வந்தது, கோவைப் பதிப்பில் அரைப் பக்கம் விளம்பரம் கழன்றுவிட்டது, ஆறு மணிக்குள் ஒரு முகமும் நாலு வரியும் தந்தால் செய்தி மாதிரியே போட்டுவிடலாம் என்று. அவள் கையில் மதுரை முகம் ஒன்று இருந்தது. போட்டோ மங்கல். பால்கனியில் நின்று பார்த்தாள், கீழே வேப்பமர நிழலில் ஆறுச்சாமி பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார், வெயில் அவர் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்து நல்ல வெளிச்சம். நல்ல வெளிச்சம், இந்த ஊர் முகத்தை இந்த ஊர்ப் பதிப்பிலேயே போட அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

கீழே இறங்கிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்று போனில் தட்டினாள். 'முப்பது வருஷம் கரிச்சூட்டில் வெந்த கை இது. இந்தக் கைக்கு முதல்முதலாக நிழல் கிடைத்தது விதை காயினால்தான்.' இருபது வருஷத்தை முப்பது ஆக்கியது ஓசைக்காக. படித்துக் காட்டினாள். ஆறுச்சாமி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார், முன்பல் ஒன்று கிடையாது. "ஏனுங் அம்மிணி, நானா இப்படிப் பேசுனேன்?" "நீங்க பேசுனா இப்படித்தாண்ணா பேசுவீங்க." "அதுஞ் சரி. நல்லாத்தான் இருக்குது. போடுங்க." அவர் ஒரு பைசா போட்டதில்லை. அவர் மகள் போனில் அன்பளிப்பாக ஐந்நூறு காயின் சுபாஷிணியேதான் போட்டுவிட்டாள். பேப்பர் வந்த அன்று அதை வெட்டி லேமினேஷன் செய்து வண்டியில் கட்டித் தொங்கவிட்டார். துணி கொண்டுவருகிறவர்களிடம் அந்த இரண்டு வரியையும் ஒப்பித்துக் காட்டுவார், கையை விரித்து, முப்பது வருஷம் கரிச்சூட்டில் வெந்த கை இது என்று. பள்ளிக்கூடம் போகாத மனுஷருக்குத் தன் வாயிலிருந்து அவ்வளவு அழகான வாக்கியம் வந்ததில் ஒரு பெருமை. விளம்பரப் பலகையை நம்பாத வீதி, காயின் முதலாளி பிரணவின் கோட்டு சூட்டையும் நம்பாத வீதி, பத்து ரூபாய் நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற ஆறுச்சாமியை நம்பியது. பேக்கரிக்காரர் போட்டார், செயலாளர் மருமகளின் நகையை வைத்துப் போட்டார். வியாழக்கிழமை காலையில் விதை காயின் விலை விழுந்தது, மத்தியானம் போனில் அந்த ஆப்பே திறக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை வாயைத் திறக்கவே இல்லை, அடுத்தவள் வாயால் கெட்டது.

பத்து பதினொன்று. புடவையை நகர்த்திப் போட்டாள், தண்ணீரைத் தெளித்தாள், தெளித்த தண்ணீரில் ஒரு துளி லேப்டாப் பக்கம் விழுந்ததைத் துடைத்தாள். அறிக்கையின் முதல் வரி கண்ணில் பட்டது, பார்க்கவில்லை என்று பாவித்துக்கொண்டாள். அவளே எழுதியதுதான், பார்க்காமலே ஒப்பிப்பாள். நேற்று மாலைப் பேப்பரில் ஆறுச்சாமி பற்றி ஆறு வரி வந்திருந்தது, பொதுமக்கள் தர்ம அடி கொடுத்தனர் என்று. தர்ம அடி. இந்த வார்த்தையை அவளும் எழுதியிருக்கிறாள். இருபத்திரண்டு வயசில் நிருபராகச் சேர்ந்த புதிதில் உக்கடத்துப் பக்கம் ஒருவனை விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்ததைப் பார்த்தாள். சைக்கிள் திருடன் என்றார்கள். டியூப் லைட்டால் அடித்தார்கள், உடைந்த டியூப்பை விட்டுவிட்டு அடுத்த டியூப் கொண்டுவந்தார்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செருப்பைக் கழற்றி வாயில் அடித்துவிட்டு மறுபடி காலில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனார். அவன் 'அம்மா' என்றுகூடக் கத்தவில்லை, தண்ணி என்று கேட்டான். அவள் அதையெல்லாம் அப்படியே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இவ்வளவு எதுக்கும்மா, ஒரே வார்த்தைதான்" என்று சொல்லி அடித்துவிட்டு எழுதினார், பொதுமக்கள் தர்ம அடி. ரத்தமும் டியூப்பும் செருப்பும் போன இடம் தெரியவில்லை, தர்மம் மட்டும் நின்றது. அன்றைக்கு அவளுக்கு வாந்தி வந்தது. அடுத்த வாரம் இன்னொரு சம்பவத்துக்கு அவளே அந்த வார்த்தையைப் போட்டாள், வாந்தி வரவில்லை, இடம் மிச்சம் என்று பாராட்டு வந்தது. அந்த வார்த்தையில் ஆரம்பித்ததுதான் எல்லாம், அதற்குப் பிறகு எந்தச் சாணியையும் அள்ளி வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுக்க அவளால் முடிந்தது.

பெட்டி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வாசனை வந்ததும் தூக்கினாள். மஞ்சளாக ஒரு தடம், உள்பக்கம்தான், கொசுவத்துக்குள் போய்விடும், தெரியாது. தெரியாது என்பது போதும். "மேடம், ஒரு பேர் வேணும்" என்று நேற்றுக் கேட்டான் பிரணவ். முப்பத்தொரு வயசு, விதை காயினை விதைத்தவன், குரலை ஒருநாளும் உயர்த்த மாட்டான், அப்போதும் உயர்த்தவில்லை. "போலீஸுக்கும் ஒரு பேர் வேணும், ஜனங்களுக்கும் வேணும். எல்லாரும் எங்கிட்டதான் வந்து நிக்கிறாங்க. அந்தத் துணி தேய்க்கிறவன் ஏஜெண்டுன்னு சொல்லிக்கிட்டு ஏமாத்தினான்னா கதை அங்க முடியுது. இல்லேன்னா பேப்பர்ல அந்தப் பக்கத்தை எழுதினது யாருன்னு நான் சொல்ல வேண்டி வரும். மிரட்டறேன்னு எடுத்துக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான்." மிரட்டல் என்று அவள் எடுத்துக்கொள்ளவில்லை, வேலை என்று எடுத்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டாள். 'ஆறுச்சாமி என்பவருக்கும் நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அவர் சுயலாபத்துக்காகப் பொதுமக்களைத் தவறாக வழிநடத்தியதாகத் தெரியவருகிறது.' யாருக்குத் தெரியவருகிறது, யார் தெரிவித்தது, ஒன்றும் கிடையாது, மழை வருகிற மாதிரி அதுவாகவே வருகிறது. எழுதி முடித்துவிட்டு அனுப்புகிற பட்டனில் விரலை வைத்தாள். விரல் அமுங்கவில்லை. அதனால் நேரம் குறித்தாள், பத்தரை, அது தானாகப் போகும், அவள் அப்போது வேறு வேலையாக இருப்பாள், அனுப்பியது அவளாக இருக்க மாட்டாள். மிஷின் செய்த பாவம் மிஷினோடு. பெட்டியை அழுத்தி இழுத்தாள், இழுக்கும்போது போர்வை பிரணவின் கன்னமானது. கொழுகொழுவென்று சவரம் செய்த கன்னம், அதன்மேல் பெட்டியின் மூக்கை வைத்து மெல்ல, அவசரமில்லாமல், காதுவரை ஓட்டினாள். தோல் சுருண்டு பெட்டியோடு வந்தது. அவன் குரலை உயர்த்தினான், அப்பாடா, ஒருவழியாக உயர்த்தினான். நன்றாக இருந்தது, வெட்கமில்லாமல் நன்றாக இருந்தது. மறுகன்னத்துக்குத் திருப்பினால் அது பிரணவின் முகமாக இல்லை. அவளே பெட்டிக்கு அடியில் கிடந்தாள், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செயலாளர் நின்றார், எழுதின கை எதுடி, காட்றி அந்தக் கைய. நேற்றிலிருந்து பெயர் சொல்லாத மூன்று போன் வந்துவிட்டது. உன் மூஞ்சியில ஊத்தினா என்ன ஆவுதுன்னு பாரு என்று ஒருவன் நிதானமாகச் சொன்னான், பின்னணியில் குழந்தை ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அவனுடைய குழந்தையாகத்தான் இருக்கும். அவனும் பணம் போட்டவனாகத்தான் இருப்பான். அவனுக்கு இன்னும் அவள் பெயரும் கம்பெனிக்கு வேலை செய்கிறவள் என்பதும் மட்டும்தான் தெரியும், அந்த வரிகளை எழுதினவள் என்பது தெரியாது. தெரிந்தால்.

அழைப்பு மணி அடித்தது.

அவள் அசையவில்லை. மணி மறுபடி அடித்தது, இரண்டு முறை, விட்டு விட்டு. இரண்டு பேராக இருக்கலாம், நாலு பேராகவும் இருக்கலாம், லிஃப்டில் நாலு பேர்தான் கொள்ளும், மீதிப் பேர் படியில் வருவார்கள். பின்பக்கம் வழியில்லை. பால்கனியிலிருந்து குதித்தால் மூன்றாவது மாடி, கீழே சிமெண்டுத் தரை, கால் போகும், உயிர் மிஞ்சும், மிஞ்சினால் கீழே நிற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதற்கு எடுத்தோம் என்று யோசிக்கவில்லை, வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தது. முதலில் வருகிறவன் முகத்தில், நடுமுகத்தில், மூக்கும் வாயும் சேருகிற இடத்தில். யாராயிருந்தாலும். அந்தக் கணத்தில் அவளுக்குப் பயம் போய் ஒரு வெறி மட்டும் இருந்தது, செயலாளருக்கும் பேக்கரிக்காரர் மகனுக்கும் இருந்ததும் இதுதான் போலிருக்கிறது, இவ்வளவு சுலபமாகவா வரும். இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தாள், வலது கையில் பெட்டி தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது.

வாசலில் துணி மூட்டையோடு துளசிமணி நின்றாள். ஆறுச்சாமியின் மனைவி. பெட்டியைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, பொட்டியக் கீழ வைங்க்கா" என்றாள். "நாந்தானுங்க. பொட்டியக் கீழ வைங்க."

சுபாஷிணி பெட்டியைத் தாழ்த்தினாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்து, "புடவை தேய்ச்சிட்டிருந்தேன், யாரோன்னு நெனச்சேன்" என்றாள். துளசிமணிக்கு மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மூட்டையை அவிழ்த்து நாலு புடவையையும் இரண்டு சுடிதாரையும் எண்ணி நாற்காலியில் வைத்தாள். எல்லாம் முந்தாநாள் மத்தியானமே ஆறுச்சாமி தேய்த்து வைத்தது, வண்டியைக் கவிழ்த்தபோது பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் அள்ளி உள்ளே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

"துணி குடுத்தவிய எல்லாத்துக்கும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தாத்தான் மருந்து குடிப்பேன்னு ஒரே புடியா நிக்கறாருங்க்கா. காலைலருந்து அதேதான் பண்ணிட்டிருக்கறேன்."

"எல்லாருக்குமா? செகரட்டரி வீட்டுக்குமா?"

"அவிய துணியும் நாலு உருப்படி இருந்துச்சுங்க்கா. அந்த அம்மா கதவத் தொறக்காம சன்னல் வழியா வாங்கிக்கிச்சு."

"கை எப்படி இருக்கு?"

துளசிமணி தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், அதில் இருப்பதைப் படித்துச் சொல்கிறவள் மாதிரி. "ரெண்டு வெரலு மடங்காதுன்னு டாக்டரு சொல்றாரு. எலும்பு தெரியுதுங்க்கா." பிறகு குரலைத் தணித்தாள். "காலைல போலீஸ் வந்து கேட்டுச்சுங்க. பேப்பர்ல வந்தது உனக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு. நாந்தாஞ் சொன்னேன், என்ற வாய்தானுட்டாரு. பொட்டிய வெக்கறதுக்கு முந்தி அவனுகளும் இதையத்தான் கேட்டானுகளாமா. யாரு எழுதிக் குடுத்தா சொல்லு, உன்னைய உட்டர்றோம்னு. அவிய கிட்டயும் நாந்தாஞ் சொன்னேன்னே சொல்லியிருக்கறாரு."

முப்பத்தொன்றாம் வினாடிக்குப் பிறகு இருந்தது இதுதான். ஏன், என்று கேட்டாள் சுபாஷிணி.

"அம்மிணி பொம்பளப்புள்ள, தனியா இருக்குது, பேரச் சொன்னா இதே பொட்டியத் தூக்கிட்டு மேல போயிருவானுகன்னு எங்கிட்டச் சொல்லி அழுவறாருங்க்கா." துளசிமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க இன்னிக்கிப் பேப்பர்காரங்களப் பாக்கறீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாருங்க. உங்க பேரெல்லாம் வேண்டாங்க்கா. அவரு ஏமாத்தற ஆளு இல்லீன்னு மட்டும் ஒரு வார்த்த. நீங்க எழுதுனா ஊரே நம்புமுங்க்கா. அது எங்களுக்குத் தெரியுமில்லீங்க."

பத்து இருபத்துமூன்று. ஒரு வார்த்தை. அறுபத்துநாலு பேருக்கும் போகப்போகிற வார்த்தைகள் மேசை மேல் திறந்து கிடக்கின்றன, துளசிமணிக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்தால் நின்ற இடத்திலிருந்தே படித்துவிடலாம், எழுத்து பெரிசாகத்தான் இருக்கிறது. சொல்றேன், என்றாள் சுபாஷிணி. கட்டாயம் சொல்றேன். நாலு எட்டு நடந்தால் லேப்டாப், ரத்து செய் என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் ஒரு தட்டு. தட்டலாம். தட்டிவிட்டால் பிரணவ் பன்னிரண்டு மணிக்குள் அவள் பெயரைச் சொல்லிவிடுவான், ஒரு மணிக்குள் வீதிக்குத் தெரியும், சாயங்காலம் அழைப்பு மணி அடிக்கும், அப்போது வாசலில் துளசிமணி நிற்க மாட்டாள். அந்த மனுஷருக்கு எலும்பு தெரிகிறது. ஏற்கெனவே போன கைதானே, அறிக்கை போனாலும் போகாவிட்டாலும் அந்த இரண்டு விரல் இனி மடங்கப் போவதில்லை, ஆனால் இவளுடைய கை இன்னும் முழுசாக இருக்கிறது, என்று மனசு ஒரு நியாயம் கொண்டுவந்து நிறுத்தியது. எவ்வளவு அசிங்கமான நியாயம், எவ்வளவு சரியாகப் பொருந்துகிற நியாயம். தூ என்று தன்மேலேயே துப்பினாள், உள்ளுக்குள்தான், வெளியே தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, காஞ்சுபோச்சேக்கா" என்றாள் துளசிமணி புடவையைத் தொட்டுப் பார்த்து. "முந்தானைய இப்படியா விட்டுட்டு நிப்பாங்க. குடுங்க இங்க." அவளே வயரைச் சொருகினாள், தண்ணீரை வாயில் வைத்துப் புஸ்ஸென்று ஊதினாள், பெட்டியைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சூடு பார்த்தாள், புருஷன் பார்க்கிற மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு. புடவையை விரிக்க மேசை போதவில்லை. லேப்டாப்பை இரண்டு கையாலும் பூப்போல எடுத்து, "இத வாங்கிக்கங்க்கா, ஈரம் பட்டுரும்" என்று சுபாஷிணியின் கையில் கொடுத்துவிட்டாள்.

அவள் வாங்கிக்கொண்டாள். குழந்தையை வாங்குவது மாதிரி நெஞ்சோடு சேர்த்து. அடிப்பக்கம் கதகதவென்று சுட்டது. நாலு எட்டுகூட இப்போது இல்லை, கட்டைவிரலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான். பத்து இருபத்தேழு. துளசிமணி தேய்த்தாள். என்ன லாகவம், பெட்டி போகிற வழியில் துணி தானே படுத்துக்கொண்டது, ஓரம் மூலை எல்லாம் அடங்கியது, இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த கை. பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், கட்டைவிரலை மட்டும் அசைத்தால் போதும், அசை, அசை என்றாள் தனக்கே. கட்டைவிரல் அவளுடையதுதான், ஆனால் இறங்கவில்லை. இறங்காதபோது விளக்குக் கம்பத்தில் ஒருவன் தண்ணி கேட்டான், வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார், அவர் திரும்பிப் பார்ப்பாரா என்று இருபத்திரண்டு வயசில் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், அவர் பார்க்கவில்லை. பத்து இருபத்தெட்டு. அண்ணா, நீங்க ஏன் என் பேரைச் சொல்லல, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, சொல்லியிருந்தால் இந்தக் கட்டைவிரல் இப்படி நிற்க வேண்டியதில்லையே. அவர்மேலேயே கோபம் வந்தது. நல்லவராக இருந்து கழுத்தை அறுக்கிற மனுஷர். பத்து இருபத்தொன்பது. துளசிமணி முந்தானையை முடித்துவிட்டு மடிக்க ஆரம்பித்தாள், ஓரத்தோடு ஓரம் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி.

லேப்டாப் டிங் என்றது.

"என்னங்க்கா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. மெயில்."

"சூடாறட்டுங்க்கா, உடனே கட்டாதீங்க, மடிப்பு நிக்காது" என்று சொல்லிப் புடவையை நீட்டினாள் துளசிமணி. லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு சுபாஷிணி அதை வாங்கினாள், சூடு வயிற்றில் பட்டது. அழ வேண்டும் போலிருந்தது, அழுகை வரவில்லை. அதற்குள் போன் அடித்தது. மாலைப் பேப்பர் நிருபர், அவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர், எப்போதும் முதல் ஆளாகக் கூப்பிடுகிறவர்.

"மேடம், மெயில் பாத்துட்டேன். தூள். ரெண்டு மணிக்குள்ள எங்க ஆன்லைன்ல போட்டுருவோம். அந்த ஆளு எந்த ஆஸ்பத்திரிங்க? போலீஸ் தூக்கறதுக்குள்ள போட்டோ எடுத்துரணும். ஏற்கெனவே பணம் போட்ட பசங்க வாட்ஸ்அப் குரூப்ல அவன் எங்க இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருக்கானுங்க."

சுபாஷிணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். துளசிமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "பேப்பர்காரங்களாக்கா? அவரப் பத்தியா? அதுக்குள்ளயா சொல்லிட்டீங்க?"

"எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கறாங்க" என்றாள் சுபாஷிணி.

"பெரியாஸ்பத்திரிதானுங்க்கா. ரெண்டாவது மாடி, தீக்காய வார்டு. கடேசிக் கட்டில், சன்னலோரம்னு சொல்லுங்க." துளசிமணி கையெடுத்துக் கும்பிட்டாள். "வழி தெரியாம சுத்துவாங்க. நான் முன்னாடியே போயி வாசல்ல நின்னு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க்கா."

சுபாஷிணி அதையும் சொன்னாள்.